பேரித் தோட்டத்தில் கல் வீடு: முழுக் கல்லா, ஒட்டுக் கல்லா?

கொடைக்கானல் மலையில், வில்பட்டிப் பக்கம் மாமாவுக்கு ஒரு பேரித் தோட்டம், சரிவைப் படிபடியாக வெட்டிய தட்டு மொத்தம் ஆறு. இத்தாலியில் ஆலிவ் தோப்புக்கு நடுவே கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டின் படத்தை அவர் மகள் அனுப்பி, இதேபோல இங்கே கட்டலாமா என்று கேட்டாள். தாராளமாகக் கட்டலாம். அங்கே தட்டுகளைத் தாங்கும் சுவரும் நம்ம மலையின் கல்கட்டும் ஒரே வேலைதான், சாந்தே இல்லாமல் கல்மேல் கல். இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் உட்பட எட்டு நாடுகளின் அந்தக் கைவேலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கே கோடை முழுக்க வெயில், மழை குளிர்காலத்தில்தான். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஊற்றும், மற்ற மாதங்களில் மூடுபனி வந்து சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் சுவர். ஒரு வழி, ஒன்றரை அடி கனத்தில் முழுக் கருங்கல் சுவர். இன்னொன்று, கான்கிரீட் தூண், ஹாலோ பிளாக், மேலே மெல்லிசாக ஒட்டுக் கல். ஒட்டுக் கல் சீக்கிரம் முடியும், உள்ளே இடமும் மிச்சம். ஆனால் மெஷினில் அறுத்த கல் எல்லாம் ஒரே கனம், ஒரே நிறம். மூலையில் பார்த்தால் ஒரு அங்குலப் பலகை என்று தெரிந்துவிடும். நம்ம மலைக் கல் புதிதாக உடைத்தால் கருநீலமாக இருக்கும், காற்றும் மழையும் பட்டுத்தான் பழுப்பாகும். தோட்டத்தில் பொறுக்கிய கல்லில் அந்தப் பழுப்பும் சாம்பல் நிறப் பாசியும் ஏற்கெனவே இருக்கும், அந்த முகத்தை வெளியே வைக்கச் சொன்னால் போதும், முதல் மழைக்கே வீடு பழைய வீடு மாதிரி ஆகிவிடும். என் ஓட்டு முழுக் கல்லுக்குத்தான். ஒரு நிபந்தனை: கல் சுவர் ராத்திரிக் குளிரை அப்படியே உள்ளே இறக்கும், மார்கழியில் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அதனால் உள்பக்கம் செங்கல் ஒரு வரிசை, சுண்ணாம்புப் பூச்சு. செலவு கூடும், விடக் கூடாது.

அப்புறம் இடம். இரண்டு தட்டை வெட்டி ஒன்றாக்கி அகலமான வீடு கட்டுவதா, ஒரே தட்டோடு ஒல்லியாக நீள்வதா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒரே தட்டுதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நனைந்த சரிவின் அடிப்பகுதியை வெட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழைய கல்கட்டு இத்தனை வருஷம் நிற்பதே இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேறுவதால்தான். அழகுக்காக அதன் முகத்தில் சிமெண்ட் பூசினால் பின்னால் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளும், ஒருநாள் விழும். வீட்டுக்கும் கல்கட்டுக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, அங்கே ஒரு வாய்க்கால் எடுத்துவிடுங்கள். வீட்டுச் சுவருக்கும் அந்தக் கல்கட்டிலிருந்து ஒரு கல்லைக்கூட உருவ வேண்டாம்.

கூரையை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மலையில் வீட்டை மேலே இருந்துதான் பார்க்கிறோம்! பூம்பாறை ஊரை ரோட்டில் நின்று பார்த்தால் பூண்டு வயல் அடுக்கும் கூரைகளும்தான் கண்ணில் படும், சுவரை யார் பார்த்தார்கள்? மொட்டை மாடி போட்டு மேலே ஒரு நீலத் தொட்டி வைத்தால் கீழே எவ்வளவு நல்ல கல் இருந்தும் பயனில்லை. கூரைமேல் மண் போட்டுப் புல் வளர்ப்பது கண்ணுக்கு நன்றாக மறையும், ஆனால் இந்த மழைக்கு ஒரு இடத்தில் கசிந்தாலும் மொத்த மண்ணையும் அள்ளிவிட்டுத்தான் தேட வேண்டும். ஓடு என்றால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம், இரண்டு மழையில் அதுவும் கறுத்துப் பாசி பிடிக்கும். படத்தில் இருந்த இத்தாலி வீட்டுக்குத் தாழ்வாரமே இல்லை, சுவரோடு கூரை முடிந்துவிடுகிறது. அதை மட்டும் இங்கே எடுக்காதீர்கள், இரண்டரை அடியாவது வெளியே நீட்டுங்கள்.

மூன்றாவது தட்டில் கயிறு கட்டிப் பார்த்தோம். பதினெட்டு அடி அகலம் வைத்தால் இரண்டு பேரி மரம் போகும், பதினாறு வைத்தால் ஒன்றும் போகாது. பதினாறே போதும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.