மூட் போர்டு: போன்லயா, 3டி-லயா, அட்டையிலயா?

எங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்ட ரெனவேஷன் பண்றவங்க இப்பல்லாம் ஈப்போலேர்ந்து டிசைனர கூப்பிடறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா மூட் போர்டு, அதாவது வீட்டுக்கு வேண்டிய கலர், டைல்ஸ், துணியெல்லாம் ஒண்ணா வச்சுப் பாக்கற தொகுப்பு, எப்படி பண்ணணும்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. போன்ல படம் சேக்கறதா, டிசைனர் கம்ப்யூட்டர்ல போடற 3டி படத்த நம்பறதா, இல்ல டைல்ஸ், லாமினேட் (கெபினட் மேல ஒட்டற தகடு), திரைத்துணின்னு நிஜத் துண்டுகள அட்டையில ஒட்டறதா? என் ஓட்டு அட்டைக்குத்தான், முன்னாடியே சொல்லிடறேன்.

போன்ல படம் சேக்கற பின்டரெஸ்ட் ஆப்புக்கு காசு இல்ல, ராத்திரி படுத்துக்கிட்டே பாக்கலாம், நமக்கு எது பிடிக்காதுன்னு கண்டுபிடிக்க அதவிட சுலபமான வழி கிடையாது. அதனால பிடிக்காத படத்தையும் தனியா சேத்து, ஏன் பிடிக்கலன்னு ஒரு வரி எழுதி டிசைனருக்கு அனுப்புங்க. ஆனா அங்க வர்ற ஹாலுக்கெல்லாம் பெரிய பெரிய ஜன்னல், நம்ம டெரஸ் வீடு 20 அடி அகலம், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டு சுவர், வெளிச்சம் முன்னாலயும் பின்னாலயும் மட்டும்தான். படத்துல அழகா இருந்த கரும்பச்சை சுவர் நம்ம நடு ரூம்ல குகை மாதிரி ஆயிடும்.

3டி வேற கதை. சாமி ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஃபிரிட்ஜ் கதவு கெபினட்ல இடிக்குதா, இதெல்லாம் தெரியணும்னா 3டிதான் வேணும், அட்டை அதுக்கு உதவாது. கலருக்கு மட்டும் அத நம்பாதீங்க, போன் வெளிச்சத்த கூட்டினா ஒரு கலர், குறைச்சா ஒரு கலர், வைட் ஆங்கிள்ல போட்டாங்கன்னா ஹாலும் நிஜத்தவிட பெருசா தெரியும். கலர் முடிவாகாம 3டிக்கு போனா கோட்டேஷன்ல இத்தன தடவதான்னு சொன்ன திருத்தமெல்லாம் கலருக்கே செலவாயிடும்.

அட்டைக்கு வருவோம். டைல்ஸ் கடையில துண்டு கேளுங்க, லாமினேட் சாம்பிள் டிசைனர்கிட்டயே இருக்கும், பெயிண்ட ஷேட் கார்டு பாத்து முடிவு பண்ணாம சின்ன டப்பா வாங்கி ஏ4 அளவு அட்டையில ரெண்டு தடவ அடிச்சு காய வைங்க. டிசைனர் ஆபீஸ்லயே தலையாட்டிடாதீங்க, வீட்டுக்கு கொண்டாந்து எந்த சுவரோ அங்கயே நிறுத்தி காலைலயும், மேற்கு வெயில் அடிக்கறப்பயும், ராத்திரி லைட்டுலயும் பாருங்க. 6500 கெல்வின் டேலைட் பல்புக்கு கீழ சாம்பல் லாமினேட் நீலம் அடிக்கும், 3000 கெல்வின் வார்ம் வைட்ல க்ரீம் டைல்ஸ் மஞ்சளாயிடும், அதனால பல்பையும் சேத்தே முடிவு பண்ணுங்க.

எனக்கு இதவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. எங்கம்மா பால்மரம் வெட்டி, லயத்து வீட்ல சமைச்சு எங்கள வளத்தவங்க, 3டி-ய போன்ல காட்டினா "நல்லாருக்குய்யா"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. அட்டைய கையில குடுத்ததும் ஒவ்வொண்ணா விரலால தடவிப் பாத்தாங்க, அப்புறம் மஞ்சத்தூள எண்ணெயில குழைச்சு லாமினேட்ல, அடுப்பு மேடைக்கான குவார்ட்ஸ் கல்லுத் துண்டுல, டைல்ஸ் இடுக்குல அடைக்கற க்ரவுட்ல எல்லாம் ஒரு சொட்டு வச்சு ராத்திரி பூரா விட்டுட்டாங்க. காலைல தொடச்சா லாமினேட்ல போயிடுச்சு, வெள்ளை குவார்ட்ஸ்ல லேசா மஞ்சள் நின்னுச்சு, சிமெண்ட் க்ரவுட் சுத்தமா மஞ்சள். அடுப்புப் பக்கம் சுலபமா கறை ஏறாத எபாக்சி க்ரவுட்னு அங்கயே முடிவாச்சு, குவார்ட்ஸ் கலரும் மாறிச்சு. எந்த 3டி-யும் எங்கம்மாவ இப்படி பிளானுக்குள்ள கொண்டு வந்திருக்காது.

அட்டைக்கும் குறை உண்டு. 60க்கு 120 சென்டிமீட்டர் மார்பிள் டிசைன் டைல்ஸ்ல ஓடற நரம்பு சின்னத் துண்டுல தெரியாது, கடையில முழு டைல் நாலஞ்ச தரையில பரப்பச் சொல்லித்தான் பாக்கணும். முடிவானதும் ஒவ்வொரு துண்டு பின்னாலயும் பிராண்டு, கோட் நம்பர் எழுதி, படம் எடுத்து கோட்டேஷனோட சேத்து டிசைனர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. டைல்ஸ் வந்து இறங்கறப்ப பெட்டி மேல இருக்கற, எந்தத் தொகுதிக் கலர்னு காட்டற ஷேட் நம்பர் எல்லாத்துலயும் ஒண்ணுதானான்னு பாருங்க, ஒரு டைல எடுத்து அட்டையோட ஒட்டி வச்சுப் பாத்தப்புறம் வேலைய ஆரம்பிக்க விடுங்க.