சாம்பா அப்கிரேட்: ஷேர் தெரியுது, ஃபைல் திறக்கல

"லாகின் ஆகுது, ஷேர் தெரியுது, ஃபைலைத் தொட்டா 'ஆக்சஸ் டினைட்'. சாம்பாவைத் தூக்கிட்டு நாஸ் பெட்டி வாங்கிடலாமா?" என்று நண்பர் கேட்டார். சாம்பா என்பது லினக்ஸ் சர்வரின் ஃபைல்களை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்; பல நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ்) பெட்டிகளுக்குள்ளும் ஓடுவது சாம்பாதான் சாமி.

சும்மா ஓடும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்கிரேட் அன்றுதான் சுயரூபம் தெரியும். லாகில் 'என்டி_ஸ்டேட்டஸ்_ஆக்சஸ்_டினைட்' என்று ஒரு வரி. மறுத்தது ஷேரா, ஏசிஎல்லா (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்), யூஐடியா (லினக்ஸில் பயனருக்கு உள்ள எண்) என்று மூச்சு விடாது. எரிச்சலே இதுதான்.

உடனே எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிமாட் 777' போடாதீர்கள். ஏசிஎல்_எக்ஸ்ஆட்டர் மாட்யூல் இருந்தால், சேமித்து வைத்த விண்டோஸ் ஏசிஎல்லும் அதோடு செல்லாமல் போகும். முதலில் 'எல்எஸ் -எல்என்' அடித்து ஓனர் எண்ணைப் பாருங்கள்; 'டபிள்யூபிஇன்ஃபோ -ஐ' அதே ஆளுக்கு வேறு எண் சொன்னால் கோளாறு ஐடிமேப்பில், அதாவது விண்டோஸ் பயனரை லினக்ஸ் எண்ணோடு இணைக்கும் பகுதியில்.

ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸின் மையப் பயனர் பதிவேடு) சேர்ந்த சர்வரில் டிடிபி பேக்எண்ட் (எண்களை ஒரு ஃபைலில் குறித்துவைக்கும் ஐடிமேப் முறை) வந்த வரிசையில் எண் கொடுக்கும். சர்வரைப் புதிதாக நிறுவி, வின்பைண்ட்டி_ஐடிமேப்.டிடிபி ஃபைலைக் கொண்டுவராமல் விட்டால், 10004 ஆக இருந்தவர் 10001 ஆவார். அவருடைய பழைய ஃபைல்கள் இப்போது 10004 ஆக வந்து நிற்கும் வேறொருவருக்குத் திறக்கும். மறுப்பதைவிட இதுதான் ஆபத்து.

புது எண்ணில் யாரும் ஃபைல் உருவாக்கவில்லையா? இந்த எண்களைக் கொடுக்கும் வின்பைண்ட் சர்வீஸை நிறுத்தி, பழைய டிடிபியை வைத்து, 'நெட் கேஷ் ஃப்ளஷ்' கொடுத்தால் போதும். நாள் கடந்துவிட்டால் பழைய எண் உள்ள ஃபைல்களை ஃபைண்டில் தேடி, சிஹோனில் ஓனரை மாற்றுவதுதான் வழி. 10004-ஐ 10001 ஆக்கிவிட்டு அடுத்து 10001-ஐ 10003 ஆக்கினால், முன்பு மாற்றியதும் சேர்ந்தே மாறும். ஆகவே எல்லாவற்றையும் முதலில் காலியான ரேஞ்சுக்கு நகர்த்துங்கள். ஏசிஎல்லுக்குள் கிடக்கும் எண்களைச் சிஹோன் தொடாது, கெட்ஃபேசிஎல்லில் தனியாகப் பாருங்கள்.

புதிதாக அமைப்பவர்கள் ரிட் பேக்எண்டுக்குப் போய்விடலாம்; டொமைன் ஒவ்வொருவருக்கும் தரும் ரிட் என்ற எண்ணிலிருந்தே அது யூஐடியைக் கணக்கிடும். ரேஞ்ச் 10000-ல் தொடங்கினால் ரிட் 1104 எந்த மெஷினிலும் 11104 தான்.

லாகினே விழவில்லை என்றால் கதை வேறு. 2021 நவம்பர் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு (4.13.14, 4.14.10, 4.15.2) 1000-க்குக் கீழ் யூஐடி உள்ள டொமைன் பயனர்களைச் சாம்பா இயல்பாகவே ஏற்காது. 'மின் டொமைன் யூஐடி' அதற்கான அமைப்பு. திருத்தம் நியாயமானது, டொமைன் பயனர் ரூட் ஆகும் ஓட்டையை அடைத்தார்கள். பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவாகத் தாவுகிறவர்களுக்கு இதுவும் சேர்ந்து விழும்.

சாம்பா அப்கிரேடுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நண்பரே, தூக்காதீர்கள், டிடிபி பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.