1961 பிலவ பஞ்சாங்கம்னு சொல்லி 2021 பிலவைய வித்திருக்காங்க, பார்த்து வாங்குங்க

பிலவங்கிறது ஒரு தமிழ் வருஷத்தோட பேரு. சிங்கப்பூர்ல பழைய ஜோதிடப் புத்தகம், பழைய பஞ்சாங்கம் தேடி வாங்குறவங்க இத முழுசா படிச்சிடுங்க. ஒருத்தர் போலிக் கட்ட கட்டி வித்துக்கிட்டு இருக்கார். எனக்கு 180 வெள்ளி போச்சு. காச விட, நான் எழுதிக்கிட்டிருக்குற கதைக்கு அந்தப் பஞ்சாங்கம் அவ்வளவு தேவைப்பட்டுச்சு, அதான் ரொம்ப வலிக்குது.

1962 பிப்ரவரி ஆரம்பத்துல எட்டு கிரகம் மகர ராசில ஒண்ணு சேந்துச்சு, அஷ்டகிரகச் சேர்க்கைன்னு சொல்வாங்க, ராகு மட்டும் எதிர்ல கடகத்துல. உலகம் அழிஞ்சிரும்னு இந்தியாவுல ஊர் ஊரா யாகம், பூஜை எல்லாம் நடந்துச்சு. பிப்ரவரி 5 அமாவாசை, சூரிய கிரகணம் வேற, அதே நாள் தான் அந்த வருஷம் சீனப் புத்தாண்டும்! ஒரு பக்கம் பட்டாசும், காசு வச்சுக் குடுக்குற சிவப்பு அங்பா உறையும், இன்னொரு பக்கம் விளக்கேத்தி வச்சு பயந்துக்கிட்டு உக்காந்திருக்குற ஒரு தமிழ்க் குடும்பம், இத வச்சுத்தான் கதை. அந்த வீட்டு ஆளுங்க கையில புரட்டியிருக்கக்கூடிய பஞ்சாங்கம் எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும், அந்தத் தை மாசப் பக்கத்துல என்ன போட்டிருந்தாங்கன்னு வரிக்கு வரி படிக்கணும்னு எனக்கு ஆசை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைங்கள்ல இங்கிலீஷ், சீனப் புத்தகம் தான் நிறைய, நம்ம தமிழ்ப் புத்தகம் கண்ணுல படுறதே அபூர்வம்.

அப்போ தான் பழைய சாமான் விக்கிற ஆப்ல இந்த விளம்பரம் வந்துச்சு. "பிலவ வருஷ பஞ்சாங்கம் 1961-62, ஒரிஜினல், கூடவே பழைய ஜோதிட நூல் ஒரு கட்டு." அட்டை போட்டோ நிஜமாவே பழசு, ஓரமெல்லாம் செல்லரிச்சு, எழுத்தெல்லாம் அந்தக்கால எழுத்து. உள்பக்கம் காட்டுங்கன்னு கேட்டேன். "தொட்டா ஒடையுதுக்கா, பிளாஸ்டிக் கவர்ல சீல் பண்ணி வச்சிருக்கேன், யாரோ பெரியவர் வச்சிருந்தது, மார்ஜின்ல எல்லாம் சிங்கப்பூர் நேரம் பேனாவால எழுதியிருக்கார்"ன்னு பதில். எனக்கு மார்ஜின் குறிப்புன்னாலே உயிர். அந்தக் காலத்துல இங்க இருந்த ஒரு மனுஷன் இந்திய நேரத்த தன் நேரமா மாத்தி எழுதி வச்சிருக்கார்னா அது எனக்குப் பொக்கிஷம்.

அப்புறம் பேச்சு வாட்ஸப்புக்கு மாறுச்சு. ஆப் வழியா போனா கமிஷன் புடிச்சிருவாங்க, நேரா பேநவ்ல (போன்லயே பேங்க் பணம் அனுப்புறது) போட்டுடுங்க அக்கா, இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அவசரப்படுத்தினார். பணம் போனதும் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட் பக்கத்துல ஒரு பையன் வந்து கட்டக் குடுத்துட்டு, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள போயிட்டான்.

வீட்டுக்கு வந்து கவரப் பிரிச்சா பழைய புத்தக வாசமே இல்ல. அட்டை மட்டும் பழசு. உள்ள பழுப்புத் தாள்ல ஜெராக்ஸ், ஒவ்வொரு பக்கத்துலயும் மேல வருஷம் வர்ற இடத்த மட்டும் வெட்டியிருக்காங்க. "காலை", "மாலை"ன்னு பக்கத்துக்குப் பத்து எடத்துல வருது, எல்லாம் இன்னைக்கு நாம எழுதுற லை. தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததே 1978ல, 1961ல அச்சடிச்சதுன்னா லை, னை, ணை எல்லாம் அந்தப் பழைய யானைத் தும்பிக்கை மாதிரி கொம்போட தான் இருந்திருக்கணும்.

தை மாசக் கட்டத்தப் பாத்தேன். ராகு ரிஷபத்துல, கேது விருச்சிகத்துல, குரு கும்பத்துல உக்காந்திருக்கார். 1962 தையில ராகு கடகம், கேதுவும் குருவும் மகரம். ஜனவரி 14க்கு வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு, 1962ல அது ஞாயித்துக்கிழமை. இது 2021-22 பிலவ. தமிழ் வருஷப் பேரு 60 வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப வரும் இல்லையா, அதையே புடிச்சு வியாபாரம் பண்ணியிருக்காங்க.

எனக்குத் தாங்க முடியாத கோவம் வந்தது அந்த மார்ஜின் குறிப்பப் பாத்து தான். நீல மையில அழகா சிங்கப்பூர் நேரம் எழுதியிருக்கு, எல்லாமே இந்திய நேரத்தோட இரண்டரை மணி நேரம் கூட்டினது. சிங்கப்பூர் கடிகாரம் இப்ப இருக்குற இந்த இரண்டரை மணி நேரக் கணக்குக்கு வந்ததே 1982 ஜனவரி 1ல தான், அதுக்கு முன்னாடி 1962ல நமக்கும் இந்தியாவுக்கும் வித்தியாசம் சரியா ரெண்டு மணி நேரம். 1946லேந்து 1981 வரைக்கும் இங்க பொறந்தவங்களுக்கு ஜாதகம் கணிக்கிறவங்க இந்த அரை மணி நேரத்த விட்டா லக்னம் சராசரியா ஏழு பாகைக்கு மேல நகர்ந்துரும், ரெண்டு ராசி சேர்ற சந்தில பொறந்தவங்களுக்கு லக்னமே மாறிடும். அப்படி ஒரு பெரியவரே கிடையாது, யாரோ இப்ப உக்காந்து எழுதியிருக்காங்க. இல்லாத ஒரு வாசகர உண்டாக்கி அவர் கையெழுத்த வித்திருக்காங்களே, அத நெனச்சா தான் மனசு ஆறல. "பழைய ஜோதிட நூல்"ங்கிற கட்டு வாரப் பத்திரிகைங்களோட ராசிபலன் இணைப்பு, வேற ஒண்ணுமில்ல.

கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்: "பிலவன்னு தானே கேட்டீங்க, பிலவ தானே குடுத்தேன்." 1961ன்னு நீங்க போட்ட விளம்பரம் இருக்கேன்னு சொன்னதும் பிளாக் பண்ணிட்டார், விளம்பரத்தையும் எடுத்துட்டார். ஸ்கிரீன்ஷாட் எங்கிட்ட இருக்கு, போலீஸ் ரிப்போர்ட் குடுத்தாச்சு.

அடுத்து இவங்க கை வைக்கப்போறது 1965ஆ தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. சிங்கப்பூருக்குச் சுதந்திரம் கிடைச்ச வருஷம் விசுவாவசு, 2025 சித்திரையில பொறந்ததும் விசுவாவசு. "சுதந்திர வருஷப் பஞ்சாங்கம்"னு யாராவது வித்தா நல்ல விலை போகும், ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்கோம். ஆகஸ்ட் 9 பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, 1965ல அது திங்கக்கிழமை, 2025ல சனிக்கிழமை. ராகு ரிஷபத்துல இருந்தா 1965, கும்பத்துல இருந்தா 2025. காட்ட மாட்டேன்னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க, ஆப்ப விட்டு வெளிய வந்து பணம் அனுப்பச் சொன்னாலும் வேணாம்.

ஏற்கனவே மாட்டினவங்க இருந்தா, சந்தேகத்துக்கு 1799க்கு, மோசடி பத்திக் கேக்குற ஸ்கேம்ஷீல்டு நம்பருக்குக் கூப்பிடுங்க. விக்கிறவர் பேரும் முகவரியும் தெரிஞ்சா சின்னத் தொகை வழக்கு பாக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலுக்கும் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும் எடுத்துப்பாங்க, வக்கீல் வச்சுக்க முடியாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எனக்கு முகவரி தான் சிக்கல், பேநவ்ல வந்த பேரு மட்டும் இருக்கு.

கதைய நான் விடல. விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துல பழைய தமிழ் முரசு பத்திரிகை பாக்கப் போறேன். உங்க யார் வீட்டுலயாவது தாத்தா பாட்டி வச்சிருந்த நிஜமான 1961-62 பிலவ இருந்தா, எனக்கு விலைக்குக் கூட வேணாம், அந்தத் தை மாசப் பக்கம் மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா?