இணைய வகுப்புக்கு எது நல்லது: சூமா, திரைப்பதிவா, தாளுக்கு மேலே நிறுத்திய போன் கமராவா?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது வேறு வழியில்லாமல் சூம் (Zoom) நேரலை வகுப்புக்குப் போனோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வெள்ளம் வந்து வகுப்பு நின்றாலும் சரி, கொழும்பு ஆசிரியரிடம் உயர்தரம் படிக்க ஆசைப்பட்டாலும் சரி, முதலில் கேட்பது "லிங்க் இருக்கா?" என்றுதான். கிளிநொச்சி ரவுணில் இருப்பவருக்கு அது சரி. முல்லைத்தீவில் துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருக்கும் பிள்ளைக்கு "சேர், வெட்டி வெட்டிக் கேக்குது" என்று சொல்வதிலேயே பாதி வகுப்பு போய்விடும்.

சூமின் பலம் ஒன்றுதான்: பிள்ளை அந்த இடத்திலேயே கேள்வி கேட்கலாம். செலவைப் பார்ப்போம். தெளிவான வீடியோவுக்கு 600 கேபிபிஎஸ் (விநாடிக்கு 600 கிலோபிட்) வேண்டும் என்று சூம் நிறுவனமே சொல்கிறது. அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 270 எம்பி. எல்லோரும் கமராவை மூடிவிட்டு, ஆசிரியர் திரையை மட்டும் பகிர்ந்தால் குரலோடு சேர்த்து 150 கேபிபிஎஸ் அளவில் நிற்கும். 70 எம்பிக்குள் வகுப்பு முடியும். ஆசிரியரின் முகம் தெரியாவிட்டால் குடியா முழுகிப்போகும்? ஆனால் கரண்ட் போனால் அந்த 70 எம்பியும் உதவாது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது யாருக்கும் மறந்திருக்காது.

திரையில் எழுதுவதைக் குரலோடு வீடியோவாகப் பதியும் திரைப்பதிவு இந்தச் சிக்கலையே தவிர்த்துவிடுகிறது. திரையில் எழுத்து மட்டும் மாறி, மற்றதெல்லாம் அசையாமல் நிற்பதால், மாறிய பகுதியை மட்டும் சேமித்தால் போதும். அதனால்தான் பைல் இவ்வளவு சிறிதாகிறது. இருபடிச் சமன்பாடொன்றைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் ஆறு நிமிடப் பதிவை 200 கேபிபிஎஸ்ஸில் எடுத்தால் 9 எம்பிதான். கவரேஜ் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால், பிறகு எத்தனை தரம் பார்த்தாலும் ரீலோட் போடத் தேவையில்லை. லாப்டொப் உள்ளவருக்கு ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு மென்பொருள் இலவசம்; படத்தெளிவு 720பி, விநாடிக்கு 10 பிரேம் தாராளம். லாப்டொப் இல்லையா? அண்ட்ரொய்ட் 11இலிருந்து திரைப்பதிவு போனிலேயே இருக்கிறது.

நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். எட்எக்ஸ் (edX) என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை அலசி பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் இடைநிலைப் (மீடியன்) பார்வை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஸ்லைட்டுகளை வாசித்துக் காட்டுவதைவிட, கையால் எழுதி எழுதி விளக்கும் பதிவில்தான் மாணவர்கள் கூடுதல் நேரம் தங்கினார்கள். பவர்பொயின்ற்றை அப்படியே வாசித்துப் பதிவு செய்யும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

போனைத் தாளுக்கு மேலே நிறுத்தி எடுப்பதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். சாதாரண தரக் கணிதத்தில், கவராயமும் அடிமட்டமும் வைத்து உருவம் வரையும் அமைப்புக் கணக்கு வந்தால் இதை மிஞ்ச எதுவுமில்லை. கவராயத்தின் முனையை எங்கே ஊன்றுவது, வில் வெட்டும்போது விரிவை மாற்றாமல் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் கையைப் பார்த்தால்தான் விளங்கும். திரையில் மவுஸால் வட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறும். தொல்லை பைல் அளவுதான்: பல போன்களில் 1080பியில் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தொட்டுவிடும். 720பிக்கு இறக்குங்கள், போக்கஸைப் பூட்டுங்கள், வெளிச்சம் பக்கவாட்டு யன்னலால் வரட்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தை மறைத்துவிடும்.

என் தெரிவு இதுதான்: விளக்கம் முழுக்கத் திரைப்பதிவில், அமைப்புக் கணக்கு மட்டும் போன் கமராவில். சூம், கிழமைக்கு ஒருதரம், பதிவைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் கேள்விகளுக்கு மட்டும், கமராவை மூடி. பதிவை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது மறுபடி சுருக்கப்பட்டு, சின்னதாக எழுதிய அடுக்கு எண் 2ஆ 3ஆ என்று தெரியாமல் மங்கிவிடும்.