லண்டன் படிப்பா, உள்ளூர்ப் படிப்பா? இரண்டு தமிழர்கள், ஒரு வெளியுறவு

சிங்கப்பூர் வெளியுறவில் ராஜரத்தினம், எஸ். ஆர். நாதன் இருவரும் பெரிய பெயர்கள். இருவரும் தமிழர். படித்த வழிதான் வேறு.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம் 1930களில் சட்டம் படிக்க லண்டன் போனார். போர் குறுக்கே வந்தது. பட்டம் இல்லை, பத்திரிகையாளர் ஆனார். என் கணக்கில் அது நல்லதாகவே போயிற்று. ஆசிய, ஆப்பிரிக்க விடுதலை இயக்கத்தவர் கூடிய ஊர் அது. அங்கே பழகிய காலனி எதிர்ப்பு மொழி, சிங்கப்பூர் தனி நாடான 1965இல் கைகொடுத்தது. புதிய நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் அவர். செப்டம்பரில் ஐநாவில் இடம் கிடைத்தது. செப்டம்பரில் ஐநாவில் இடம் கிடைத்தது. 1967இல் பாங்காக்கில் ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கிய பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. சிறு நாட்டுக்கு உலகமே ஊர் என்ற பார்வைக்கு வெளியே வாழ்ந்த அனுபவம் வேண்டும்.

சரி, நாதன்? எழுத்தராக வேலை பார்த்து, பிறகு இங்கேயே, சிங்கப்பூரில் அப்போது இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுகள் டிப்ளோமா முடித்தவர். மருத்துவமனையிலும் தொழிற்சங்கத்திலும் மனிதர்களைப் படித்தார். 1974இல் லாஜு என்ற படகு கடத்தப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய கடத்தல்காரர்களோடு தானே விமானமேறி குவைத் போனவர். இதற்கு எந்த லண்டன் வகுப்பும் உதவாது. பின்னர் வாஷிங்டன் தூதரானார், 1999இல் அதிபர்.

நாடு புதிதாக இருந்தபோது ராஜரத்தினம் வழிதான் அவசியம் என்பேன். நெருக்கடி நேரத்தில் நாதன். இரண்டையும் சேர்த்தவர் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ: இங்கே சட்டப் பட்டம், மேற்படிப்பு ஹார்வர்டிலும் கேம்பிரிட்ஜிலும், அப்புறம் ஐநா கடல் சட்ட மாநாட்டின் தலைமை.