சொந்த ஜெட் ஓட்டப் போகிறவர்களுக்கு: வலது சீட்டில் உட்காருபவரின் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் டாலஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். பழைய சைட்டேஷன் ஜெட் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம், "பயிற்சி, மென்டர், இன்சூரன்ஸ் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும்" என்று ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறதாம். எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை, விவகாரம் கோர்ட்டில் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இவர்கள் ஏமாற்றும் வழி தெரிந்தால் போதும்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். மிட்லண்டில் எங்கள் தொழிலுக்கு ஒரு கிளை இருக்கிறது, காரில் போனால் எட்டு மணி நேரம். பத்து வருடமாக ஒரு செஸ்னா 310 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், இரட்டை என்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), எல்லாம் சேர்த்து 900 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் ஒரு பார்ட்னரோடு சேர்ந்து பாதிப் பங்குக்கு 2009 மாடல் சைட்டேஷன் மஸ்டாங் வாங்கினேன். சின்ன ஜெட்தான், அதிகபட்ச எடை 8,645 பவுண்டு, ஆனால் 41,000 அடி வரை ஏறும், ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். அமெரிக்காவில் 12,500 பவுண்டுக்குக் கீழே உள்ள விமானங்களுக்குப் பொதுவாக டைப் ரேட்டிங் தேவையில்லை. ஜெட் என்றால் அந்தக் கணக்கு கிடையாது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த மாடலுக்கென்று தனியாக வாய்மொழிப் பரீட்சை கொடுத்து, பறந்து காட்ட வேண்டும். அதையும் ஏர்லைன் பைலட்டுக்கு வைக்கிற தரத்தில்தான் பார்ப்பார்கள், கையில் இருப்பது வெறும் பிரைவேட் லைசென்ஸ் என்றாலும்.

பேக்கேஜ் 41,000 டாலர். பதினான்கு நாள் சிமுலேட்டர் பயிற்சி, பரீட்சை, அதற்குப் பிறகு 25 மணி நேரம் கூடவே பறக்க ஒரு மென்டர் பைலட், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டிய கடிதங்கள். பாதிப் பணம் முன்னாலேயே கட்டினேன், மீதி பரீட்சை அன்று.

சிமுலேட்டர் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு எடுத்த சிமுலேட்டர்தான், ஆனால் பாடம் எடுத்தவர் அருமையான ஆசிரியர். டேக் ஆஃபில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு என்ஜினை அணைத்துவிடுவார், கேபின் அழுத்தத்தைத் திடீரென்று இறக்கிவிடுவார். 40,000 அடியில் ஆக்சிஜன் மாஸ்க் போடாவிட்டால் நினைவோடு வேலை செய்ய 15 முதல் 20 வினாடிதான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அங்கே உட்கார்ந்து மாஸ்கைத் தேடும்போதுதான் அது எவ்வளவு குறைவு என்று கைக்குத் தெரிந்தது. பரீட்சையில் முதல் தடவையே தேறினேன்.

அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் எக்ஸாமினர் கொடுத்த தற்காலிகச் சான்றிதழை எடுத்துப் படித்தேன். டைப் ரேட்டிங் இருந்தது. அதன் கீழே ஒரு வரி, இந்தக் கூடுதல் ரேட்டிங்கைப் பொறுத்தவரை தலைமைப் பைலட்டாகச் செயல்படக் கட்டுப்பாடு உண்டு என்று. விற்பனையாளரைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் ஒரு சம்பிரதாயம், மென்டரோடு பறந்தால் தானாகப் போய்விடும்" என்றார். சம்பிரதாயம் என்று அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் தப்பு.

அது சம்பிரதாயம் இல்லை. எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, வைத்திருக்கும் விதி 61.64. முன்பு ஜெட் ஓட்டிய அனுபவம் இல்லாதவர் முழுக்க முழுக்க சிமுலேட்டரிலேயே பயிற்சியும் பரீட்சையும் முடித்தால் இந்த வரி விழும். உண்மையான விமானத்தில் சில வேலைகளை, அதாவது பறப்பதற்கு முந்தைய சோதனை, சாதாரண டேக் ஆஃப், ஐஎல்எஸ் அப்ரோச் (ரேடியோ சிக்னலைப் பிடித்து ஓடுபாதையை நோக்கி இறங்குவது), மிஸ்டு அப்ரோச் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது), லேண்டிங் ஆகியவற்றைச் செய்து காட்டியிருந்தால் விழாது. இல்லையென்றால் அதே மாடல் விமானத்தில் 25 மணி நேரம், தகுதியும் நடப்புச் சோதனையும் உள்ள ஒரு தலைமைப் பைலட்டின் மேற்பார்வையில் பறக்க வேண்டும். அந்த 25 மணி முடியும் வரை சட்டப்படி நான் தலைமைப் பைலட் இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான். அந்த நேரம் முழுக்க எல்லாம் அவர் தகுதியின் மேல்தான் நிற்கிறது.

எனக்கு வந்த மென்டர் அறுபதைத் தாண்டியவர், அமைதியானவர், விமானத்தை நன்றாகத் தெரிந்தவர் போலத்தான் பேசினார். மிட்லண்டுக்கு நான்கு முறை, டல்சாவுக்கு ஒரு முறை போய் வந்தோம். ஜனவரியில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சாண்டா ஃபே போனோம்.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாண்டா ஃபே விமான நிலையமே 6,300 அடிக்கு மேல் இருக்கிறது, சுற்றிலும் மலை. மேகத்துக்குள் இறங்கும்போது கண்ணாடியின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு கோடு வந்தது. இறக்கையின் முன்விளிம்பைப் பார்த்தேன், அங்கேயும் உப்புப் பூத்தது போல படிந்துகொண்டிருந்தது. இந்த விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் பூட் இருக்கும், காற்றால் உப்பி ஐஸை உடைத்துத் தள்ளும். சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். "கொஞ்சம் பொறுங்கள், அரை அங்குலம் சேரட்டும், சீக்கிரம் போட்டால் ஐஸ் உப்பிய ரப்பரின் மேல் பாலம் கட்டிவிடும், அப்புறம் உடையாது" என்றார். சிமுலேட்டரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். நான் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின் சீட்டிலிருந்து என் மனைவி, "என்னங்க, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஐஸ் சேரும் வரை காத்திரு என்பது பழைய காலத்து நம்பிக்கை. மேனுவல் வேறு மாதிரி சொன்னால் தவிர, ஐஸ் உள்ள இடத்துக்குள் நுழைந்த உடனே பூட்டைப் போடுங்கள் என்று அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி 2008-லேயே எச்சரிக்கை வெளியிட்டுவிட்டது. ஐஸ் என்பது சொந்தமாக ஜெட் ஓட்டுகிறவர்களுக்குச் சின்ன விஷயமே இல்லை. 2014 டிசம்பர் 8 அன்று மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு ஃபீனம் 100 ஜெட் ஓடுபாதையை எட்டாமல் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. அதை ஓட்டியவர் ஒரு டாக்டர், தன் விமானத்தைத் தானே ஓட்டியவர். விமானத்தில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள், வீட்டுக்குள் இருந்த ஒரு தாயும் அவருடைய இரண்டு சின்னக் குழந்தைகளும் இறந்தார்கள். இறக்கை ஐஸ் நீக்கியைப் போடாமலே, அந்த நிலைமைக்குப் போதாத வேகத்தில் இறங்கியதால் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தது என்று விசாரணை சொன்னது. என்ஜின்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அந்த அறிக்கையை நான் மூன்று முறை படித்திருக்கிறேன், அந்த வீட்டைப் பற்றிய பக்கத்தை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

சாண்டா ஃபேயிலிருந்து திரும்பிய பிறகு எங்கள் ஹேங்கருக்குப் பக்கத்தில் இன்னொரு மஸ்டாங் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னேன். பூட் கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கள் மென்டர் கடைசியாக 61.58 எப்போது முடித்தார்?"

61.58 என்பது ஜெட்டைத் தலைமைப் பைலட்டாக ஓட்டுகிறவர் வருடா வருடம் தேற வேண்டிய சோதனை. முன்பு ஒரே பைலட் ஓட்டும் ஜெட்டுகளுக்கு இது கிடையாது, 2011-ல் விதியைத் திருத்தி எல்லா ஜெட்டுகளுக்கும் கொண்டுவந்தார்கள். மென்டரிடம் கேட்டேன். இருக்கிறது, வீட்டில் இருக்கிறது என்றார். மூன்று நாள் கழித்து போனில் ஒரு போட்டோ வந்தது. படிவத்தின் மேல் பாதி தெளிவாக இருந்தது, பெயர், விமான மாடல், எல்லாம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல். மறுபடி கேட்டேன், இந்த முறை கீழ்ப் பகுதி வெட்டப்பட்ட இன்னொரு போட்டோ. எனக்கு அப்போதே வயிறு கலங்கிவிட்டது. கம்பெனி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதில், அங்கே வேலை செய்யும் ஒரு பெண் விஷயம் தெரியாமல் முழுப் பிடிஎஃப்பையும் அனுப்பிவிட்டார். சோதனை முடித்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. வேறு எந்த ஜெட்டிலும் அவர் அதற்குப் பிறகு சோதனை எடுக்கவில்லை.

இதன் அர்த்தம் என்ன? நான் பறந்திருந்த 17.4 மணி நேரம் செல்லாது, ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வராது. அதைவிட மோசம், அந்தப் பயணங்கள் எதிலும் சட்டப்படி தலைமைப் பைலட் என்று யாருமே விமானத்தில் இல்லை. எனக்குக் கட்டுப்பாடு, அவருக்குச் சோதனை காலாவதி. இன்சூரன்ஸ் புரோக்கரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏதாவது ஆகியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு டாலர்கூடக் கொடுத்திருக்காது" என்றார். பணம் கிடக்கட்டும். என் குடும்பத்தை மலைகளுக்கு நடுவில், ஐஸுக்குள், தகுதியான பைலட் ஒருவர்கூட இல்லாத விமானத்தில் கூட்டிப் போயிருக்கிறேன். அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய் மகள் தூங்குகிற அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

உடனே விமானப் பாதுகாப்பு அறிக்கைகளை வாங்கும் நாசாவின் ஏஎஸ்ஆர்எஸ் அமைப்புக்கு அறிக்கை அனுப்பினேன். தெரியாமல் நடந்த மீறலைத் தெரிந்த பத்து நாளுக்குள் அங்கே சொல்லிவிட்டால் எஃப்ஏஏ தண்டனையிலிருந்து ஒரு பாதுகாப்பு கிடைக்கும், இது பலருக்குத் தெரியவில்லை. எஃப்ஏஏயின் உள்ளூர் அலுவலகத்துக்கும் போய் நேரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

கம்பெனி? ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்கத்தைக் காட்டினார்கள். மென்டர் தனி ஒப்பந்தக்காரர், அவருடைய தகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று இருந்தது. பறக்காத நாட்களுக்கு என்று 4,200 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பணத்தில் மென்டருக்காக வாங்கிய பகுதியைக் கேட்டு டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன், அங்கே 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

டாலஸ் நண்பரிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால், பயிற்சி ஒப்பந்தத்தை அப்படியே உங்கள் இன்சூரன்ஸ் புரோக்கருக்கு அனுப்பி, இந்த இடம், இந்த மென்டர், இரண்டும் ஏற்கப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். "எல்லா இன்சூரன்ஸும் எங்களை ஏற்றுக்கொள்ளும்" என்று விற்பவர் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பரீட்சை முடிந்தால் சான்றிதழில் என்ன வரி விழும், 61.64 கட்டுப்பாடு வருமா, அதைத் தவிர்க்க விமானத்திலேயே அந்த வேலைகளைச் செய்து காட்ட ஏற்பாடு உண்டா என்று நேராகக் கேளுங்கள். பழைய சைட்டேஷன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 501, 551 ஆகியவை ஒரே பைலட்டுக்குச் சான்று பெற்றவை, 500, 550 அப்படி இல்லை, தனியாக ஓட்ட எஃப்ஏஏ விலக்கும் அதற்கான பயிற்சியும் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நண்பர் முன்பணம் கொடுத்திருப்பது 550, அவரிடம் இதை யாரும் சொல்லவே இல்லை.

மென்டரிடம் லைசென்ஸ், மெடிக்கல், அந்த மாடலில் டைப் ரேட்டிங், அதில் கட்டுப்பாட்டு வரி ஏதும் இல்லை என்பது, கடைசி 61.58 தேதி, இவ்வளவையும் முழுப் பக்கமாக, விரல் இல்லாமல் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன், வயதில் பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று.

இப்போது வேறொரு மென்டரோடு 25 மணியையும் முதலிலிருந்து பறந்து முடித்துவிட்டேன். முதல் நாள் ஹேங்கருக்கு வந்தவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து இறக்கையின் மேல் விரித்து வைத்தார், "முதலில் என்னுடையதைப் பாருங்கள், அப்புறம் உங்களுடையதைக் காட்டுங்கள்" என்று. சான்றிதழில் இருந்த வரி போன மாதம் நீங்கியது. மகளை இன்னும் ஏற்றவில்லை, மனைவி சரி என்று சொன்ன பிறகுதான். வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது, என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.