மரத் தண்டவாளமும் ஆசாரி செய்த மேசையும்: நான்கு ஆண்டு அனுபவம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்திற்குப் பொம்மை ரயில் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு அப்போது மூன்று வயது, இப்போது ஏழு. இன்றும் அவன் பள்ளி விட்டு வந்ததும் முதலில் போய் நிற்பது அந்த மேசையருகில்தான்.

நாங்கள் முதலில் மேசையை வாங்கினோம், அது தவறு. மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மேசை, பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி அடைமழையில் கூடத்தின் ஈரமும் தினமும் தரை துடைக்கும் தண்ணீரும் சேர்ந்து, கால்களின் அடிப்பாகம் ஊறி, ஊறிய அவலைப் போல உதிரத் தொடங்கியது. டெல்டாவில் வசிப்போர் அந்தப் பலகையைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது மேசையைத் தெரு ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் மேற்பலகை, வேப்ப மரத்தில் கால்கள், ரயில் கீழே விழாதபடி சுற்றிலும் மூன்று செ.மீ. விளிம்பு. நீளம் 120, அகலம் 80, உயரம் 42 செ.மீ. அகலத்தில்தான் கவனம் தேவை. சுவரை ஒட்டிப் போட்டிருந்தவரை, எதிர்ப்புறம் கவிழ்ந்த பெட்டியை எடுக்க அவன் மேசைமீதே ஏறிவிடுவான். நடுக்கூடத்திற்கு இழுத்துப் போட்ட பிறகு இருபுறமும் கை எட்டியது, ஏறுவதும் நின்றது.

தண்டவாளத்தைப் பொறுத்தவரை, ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1958-இல் மர ரயிலை அறிமுகப்படுத்தியது. அதன் தண்டவாள அளவையே ஐகியா உட்படப் பல நிறுவனங்களும் பின்பற்றுவதால் வெவ்வேறு நிறுவனங்களில் வாங்கியவையும் ஒன்றோடொன்று சேருகின்றன. பெரிய வளைவுத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம்; அதற்குச் சுமார் 45 செ.மீ. இடம் வேண்டும். ஆகவே தண்டவாளத்தை முதலில் வாங்கித் தரையில் சில மாதம் ஓடவிட்டு, குழந்தை எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பார்த்தபின் மேசைக்கு அளவு கொடுப்பதே சரியான வரிசை.

மழைக்காலத்தில் சில துண்டுகளின் குமிழ் உப்பி, எதிர்த்துண்டின் பள்ளத்துக்குள் இறங்காது. மகன் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவான். நைசான உப்புத்தாளால் குமிழை நாலு தேய் தேய்த்தால் போதும். வெயிலில் காயவைத்தால் மரம் வெடித்துவிடும்.

மற்ற எதையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது காந்தம். பெட்டிகளைக் கோக்கும் காந்தம் கழன்று, குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு காந்தத்தையும் நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். அசைந்தால் அந்தப் பெட்டி அன்றோடு சரி. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒரு பொம்மை இத்தனை ஆண்டு நிலைத்ததற்கு, தண்டவாளத்தை மேசையில் ஒட்டாமல் விட்டதே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து வயதில் அவன் எங்கள் ஜங்ஷனையே போட்டான்: சிதம்பரம், கும்பகோணம், திருவாரூர் என மூன்று திசை, அதற்கு இரண்டு பிரிவுத் துண்டுகள். பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய தாத்தா, "தரங்கம்பாடி லைன் எங்கேப்பா?" என்று கேட்டார். 1986-இல் நின்றுபோன பாதை அது. அதற்காகப் போன மாதம் மூன்றாவது பிரிவுத் துண்டும் வாங்கியாயிற்று.